முள்மரத்தில் காய்ந்த கால்சட்டை

பார்ட்லி மோங்கன் நடை பழகிக்கொண்டிருந்தார்.

நரைத்த மீசையும் வளையாத முதுகுமாக, மேயோ மாவட்டத்துச் சாலைகளில் எந்தக் கோச்சு வண்டிக்கும் ஒதுங்காமல் வாழ்ந்த மனிதர் அவர். கூண்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிற தகர வேலைக்காரர்களில் மோங்கன் குடும்பத்துக்கென்று ஒரு பெயர் உண்டு. அவர்கள் செய்த பால் வாளி ஒழுகியதில்லை. அவர்கள் வீட்டு ஆண்பிள்ளை யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அப்படிப்பட்டவர் இந்த வயதில் நடை பழகக் காரணம், அன்று மத்தியானம் கௌலி குடும்பத்தார் அவர் மகள் சபீனாவைப் பெண் கேட்டு வருகிறார்கள் என்பதுதான்.

கௌலிகளும் சாலையோர ஜனங்கள்தாம், ஆனால் குதிரை வியாபாரிகள். குடும்பத் தலைவர் ஓனி கௌலி குதிரையின் பல்லைப் பார்ப்பதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார். மனிதர்களையும் அப்படியேதான் பார்ப்பார். மூத்த மகனுக்கு வந்த நல்ல சம்பந்தத்தை, "பொண்ணோட அப்பன் எடது கால இழுத்து நடக்குறான், நாளைக்குப் பேரனும் இழுப்பான்" என்று சொல்லித் தட்டிக்கழித்தவர். அவருடைய இளைய மகன் மைல்ஸும் சபீனாவும் இரண்டு சந்தைகளில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேலை கெட்டு நின்றது எல்லோருக்கும் தெரியும்.

"அப்பா, இது கூடி வரலைன்னா நான் வேற எவனையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம். நேரா நில்லுங்க, அது போதும்" என்று காலையில் சபீனா சொல்லிவிட்டு, அம்மா வின்னியோடு கழுதை வண்டியில் ஏறி, வாளிகளை விற்க வீடுவீடாகப் போயிருந்தாள்.

நேராக நிற்பது பார்ட்லிக்குக் கைவந்த வேலை. நடந்துபோய் வரவேற்பதில்தான் சிக்கல் இருந்தது. கூண்டு வண்டியிலிருந்து அடுப்பு வரை நடந்து பார்த்தார். வேகமாக நடந்தால் பெண்ணைத் தள்ளிவிடத் துடிக்கிற அப்பன் போலிருந்தது. மெதுவாக நடந்தால் மூட்டு வலிக்காரன் போலிருந்தது. அவர் போட்டிருந்தது புதுக் கால்சட்டை. கறுப்புக் கம்பளித் துணி. செத்துப்போன ஒரு டாக்டரின் மனைவியிடம் இரண்டு வாளிகளைக் கொடுத்து வின்னி மாற்றிக்கொண்டு வந்தது. பழைய கால்சட்டையை அன்று காலையில்தான் கழுதையின் கழுத்துப்பட்டைக்குள் மெத்தையாக வைத்துத் தைத்துவிட்டாள். சைக்கிளில் போன தபால்காரர் ஃபெஸ்டி, இவர் குறுக்கும் நெடுக்கும் போவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். பார்ட்லி கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் சரியான நடை அமைந்தது. தலை நிமிர்ந்து, மார்பு விரிந்து, பார்வை மலை உச்சியில் நிலைத்து. பார்வை மலை உச்சியில் இருந்ததால், டெலியா ரூவேன் வீட்டுப் பசு அந்த வழியாகப் போனதற்கான அடையாளம் புல்லில் கிடந்தது அவர் கண்ணில் படவில்லை. வழுக்கி, அதன் நட்டநடுவில் உட்கார்ந்தார்.

சுற்றுமுற்றும் பார்த்தார். யாருமில்லை. மானம் தப்பியது என்று எழுந்தார்.

துணி துவைப்பது அவர் பார்த்த வேலையே தவிர, செய்த வேலை அல்ல. ஓடையில் கால்சட்டையை முக்கினார், திட்டினார், மறுபடி முக்கினார், தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு காயப்போட இடம் தேடினார். வருடா வருடம் அவர்கள் தங்குகிற வளைவில் சாலை போடுவதற்காகக் கல் கொட்டியிருந்ததால், இந்த முறை சற்றுத் தள்ளிப் பழக்கமில்லாத இடத்தில் தங்கியிருந்தார்கள். அங்கே திறந்த வெளியில் ஒற்றை முள்மரம் நின்றது. நாலா பக்கமும் காற்று. கிளைகளில் வெளுத்துப்போன துணிக் கிழிசல்கள் சில ஆடின. முன்னால் போகிற வண்டிக்காரர்கள், பின்னால் வருகிற தங்கள் ஆட்களுக்கு வழி காட்டுவதற்காக இப்படித் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டுப் போவது வழக்கம். 'வார்டு குடும்பத்து ஆளுங்க கட்டியிருக்காங்க. நல்ல எடம்னு சொல்றாங்க' என்று நினைத்துக்கொண்டார். கிளைகளுக்கு நடுவே கால்சட்டையை விரித்துப் போட்டுவிட்டு, போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பக்கத்துக் கல்சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து காவல் காத்தார்.

மரத்தடியில், கோரைப் புல்லுக்குள், தொப்பி அளவுக்கு ஒரு சுனை இருந்ததை அவர் பார்க்கவேயில்லை.

முதலில் வந்தவள் டெலியா ரூவேன். பசுவின் சொந்தக்காரி, விதவை, வாய்க்குப் பஞ்சமில்லாதவள். முட்டி வலிக்காகக் கோல்மன் புனிதரின் சுனையில் முழந்தாளிட்டு, மரத்தில் ஒரு துண்டுத் துணி கட்ட வந்திருந்தாள். துணி மக்கிப்போகப் போக வலியும் போய்விடும் என்பது அந்தத் தேவாலயப் பங்கில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நிமிர்ந்து பார்த்தவள் கையிலிருந்த ஜெபமாலையைக் கீழே போட்டாள்.

"யேசுவே! மாதாவே! முழுக் கால்சட்டை!"

அதே நேரம் திரும்பி வந்துகொண்டிருந்த ஃபெஸ்டி சைக்கிளை நிறுத்தினார். "என்ன டெலியாக்கா?"

"இங்க வந்து பாரு ஃபெஸ்டி. ஒரு துண்டுத் துணின்னா ஒரு முட்டி, ஒரு பல்லு. முழுக் கால்சட்டையக் கட்டியிருக்கான்னா, அந்த மனுஷனுக்கு இடுப்புக்குக் கீழ எதுவுமே வெளங்கல!"

"வாதமா இருக்குமோ?"

"வாதம்னா ஒரு பக்கந்தானே இழுக்கும்? இதுல ரெண்டு காலும் இருக்கு பாரு."

"பின்னால ஒரு கறை தெரியுதே அக்கா. மூலமோ?"

"சீ, புனிதர் முன்னால என்ன பேச்சு பேசுற!" என்ற டெலியா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கிட்டே போனாள். "ஆனா கறை இருக்கத்தான் செய்யுது."

சுவருக்குப் பின்னால் பார்ட்லியின் மீசை துடித்தது. 'உன் மாட்டுச் சாணிடி அது' என்று கத்த வேண்டும்போலிருந்தது. ஆனால் கத்தினால் எழ வேண்டும். எழுந்தால் போர்வை தெரியும்.

"தண்ணி சொட்டுது" என்றார் ஃபெஸ்டி.

டெலியா உள்ளங்கையை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்தாள். மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மழை பெய்யல. இருந்தும் சொட்டுது. அழுவுது ஃபெஸ்டி! அந்தப் பாவி மனுஷனுக்காக அவன் கால்சட்டையே அழுவுது!"

தபால்காரர் ஏறி மிதித்த சைக்கிளுக்கு அன்று இறக்கை முளைத்தது. அரை மணி நேரத்துக்குள் பங்கில் பாதிப் பேர் மரத்தடியில் கூடிவிட்டார்கள். அழுகிற கால்சட்டைக்கு வேறு எந்தக் கிளையையும்விட சக்தி அதிகம் என்று டெலியா சொன்னதால், எல்லோரும் தங்கள் துணிகளை அதன் வார்ப்பட்டைக் கண்ணிகளிலேயே கட்டினார்கள். டெலியாவின் முட்டி வலது பக்கம். பாதிரியார் வீட்டுச் சமையல்காரியின் பல் இடது பக்கம். ஃபெஸ்டி நடுவில் ஒன்று கட்டினார், எதற்கென்று சொல்லவில்லை. பிறகு எல்லோரும் முழந்தாளிட்டு, இடுப்புக்குக் கீழ் விளங்காத அந்த முகம் தெரியாத மனிதனுக்காக ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள்.

மோங்கன் குடும்பத்துக்காக ஒரு பங்கு முழுவதும் முழந்தாளிட்டது அதுதான் முதல் தடவை. பார்ட்லியால் அதில் பெருமைப்பட முடியவில்லை.

கழுதை வண்டி திரும்பி வந்தது. வின்னியும் சபீனாவும் இறங்கி, கூட்டத்தைப் பார்த்து, சுவருக்குப் பின்னால் தெரிந்த போர்வையைப் பார்த்து, குனிந்து ஓடி வந்தார்கள்.

"யோவ், என்னய்யா கோலம் இது? கால்சட்டை எங்க?" என்றாள் வின்னி.

பார்ட்லி மரத்தை நோக்கி விரலை நீட்டினார்.

வின்னி பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த மரத்துலயா போட்ட? அது சுனை மரம்யா! எந்தப் பொம்பளையக் கேட்டாலும் சொல்லுவாளே!"

"கிழிசல் கட்டியிருந்துச்சு. வார்டு ஆளுங்க போட்ட அடையாளம்னு நெனச்சேன்."

"வார்டு ஆளுங்க இப்ப கால்வே ஊர்ல இருக்காங்க."

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"அப்பா, சிரிப்பு வருதுப்பா. ஆனா அழணும் போலவும் இருக்கு" என்றாள் சபீனா. சிரிக்கவும் செய்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"சிரிச்சது போதும். வின்னி, நீ போய் நைசா எடுத்துட்டு வா."

"நானா? அந்த மரத்துத் துணிய எவன் எடுக்குறானோ, கட்டுனவன் சீக்கு அவனுக்கு வந்துரும். அதுல ஒரு முட்டி தொங்குது, ஒரு பல்லு தொங்குது, தபால்காரன் வெளிய சொல்லக் கூசுற ஏதோ ஒண்ணு தொங்குது. அத்தனையும் நான் வாங்கிக் கட்டிக்கணுமா?"

பார்ட்லி யோசித்தார். முட்டியும் பல்லும் தாங்கிக்கொள்ளலாம். ஃபெஸ்டியுடையதுதான் உதைத்தது.

"டெலியா வீட்டுல அவ புருஷனோட பழைய கால்சட்டை இருக்கும். கேட்டு வாங்கிட்டு வரட்டா?" என்றாள் சபீனா.

"மோங்கன் ஆம்பள கேட்டு வாங்குன துணியில நின்னு மகளக் குடுக்க மாட்டான்."

"வெறுஞ் சட்டையில நின்னு குடுப்பீங்களா?"

போர்வையில் ஓட்டைகள் இருந்ததால், வின்னி வண்டிக்குள் போய்த் தன் மாற்றுப் பாவாடையை எடுத்து வந்தாள். பழுப்பு நிறக் கம்பளிப் பாவாடை. வின்னி ஒல்லி. பார்ட்லி அப்படியல்ல. இடுப்பில் சுற்றியபோது இரு முனைகளும் ஒன்றையொன்று தொட மறுத்துவிட்டன. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது.

"வண்டிக்குள்ள போய் உக்காரு. ஒனக்குக் காய்ச்சல்னு சொல்லிடறேன்" என்றாள் வின்னி.

அவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை. சாலையில் குளம்பொலி கேட்டது. பளபளக்கும் இரண்டு குதிரைகள் பூட்டிய கௌலி வண்டி வந்து, கூட்டத்தைக் கண்டு நின்றது. ஓனி கௌலி தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் மைல்ஸ், கழுத்தை இறுக்கும் காலரோடு உட்கார்ந்திருந்தான்.

"யாருக்கும்மா என்ன?" என்று கேட்டார் ஓனி.

"ரெண்டு காலும் வெளங்காம போன ஒரு மனுஷனுக்காக வேண்டிக்கிறோம் ஐயா. அவர் கால்சட்டைதான் அது. ஒரு மணி நேரமா அழுதிட்டிருக்கு" என்றாள் டெலியா.

ஃபெஸ்டி திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "அக்கா! காலையில இந்தப் பக்கம் ஒரு தகரக்காரர் இதே கால்சட்டையோட நடந்துக்கிட்டிருந்தாரு. ரெண்டு எட்டு வெப்பாரு, நிப்பாரு. வேகமாப் போவாரு, முடியாம மெதுவாப் போவாரு. கொழந்த நட பழகுற மாதிரி. பாத்துட்டு எனக்கே மனசு தாங்கல."

"பெரிய மீசையா?" என்றார் ஓனி.

"ஆமாங்க."

"தல மலையப் பாத்த மாதிரி நிமிந்திருக்குமா?"

"அவரேதான்!"

ஓனி தொப்பியை மெல்லத் தலையில் வைத்தார். "பார்ட்லி மோங்கன். அவ்வளவு தெனாவெட்டா நின்னது இதுக்குத்தானா? நடக்க முடியாததாலயா? மைல்ஸ், வண்டியத் திருப்பு."

"அப்பா, நான் கட்டிக்கப் போறது அவரு காலையா?"

"ரத்தம்டா. காலு ரத்தத்துல வரும். திருப்பு."

மைல்ஸ் கடிவாளத்தைத் தொடவில்லை. ஓனி அதைப் பிடுங்கிக்கொண்டார். சுவருக்குப் பின்னால் சபீனா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். அதைத்தான் பார்ட்லியால் தாங்க முடியவில்லை.

எழுந்தார். கல்சுவருக்கு மேல் முதலில் மீசை தெரிந்தது, பிறகு மார்பு, பிறகு பழுப்புப் பாவாடை.

"ஓனி கௌலி! நிறுத்து வண்டிய!"

டெலியா போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கை பறந்தது. "எழுந்துட்டாரு! அற்புதம்! புதுமை! கோல்மன் புனிதரே, எழுந்து நிக்கிறாரு!"

பார்ட்லி பாவாடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சுவரைத் தாண்டினார். "தாண்டுறாரு!" என்று கத்தினார் ஃபெஸ்டி. சமையல்காரி மயங்கி விழத் தோதான இடம் பார்த்து விழுந்தாள். கூட்டம் வழிவிட, பார்ட்லி வண்டியை நோக்கி நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு அல்லேலூயா எழுந்தது.

"எத்தன நாளா இப்படி?" என்றார் ஓனி, குரலைத் தாழ்த்தி.

"எப்படி?"

"காலு."

"என் காலுக்கு ஒண்ணுமில்ல!"

"இப்ப ஒண்ணுமில்ல. அதான் புதுமை!" என்றாள் டெலியா, அவர் பாவாடை விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு.

"எப்பவுமே ஒண்ணுமில்லம்மா!"

"என்ன தாழ்ச்சி பாத்தியா ஃபெஸ்டி? புனிதமானவங்க இப்படித்தான் பேசுவாங்க."

பார்ட்லிக்கு அப்போது நிலைமை தெளிவாகத் தெரிந்தது. குணமான நோயாளியாக இருந்தால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். ஆனால் மகள் நோயாளியின் ரத்தம் ஆவாள். நோயே இல்லையென்று நிரூபிக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். மோங்கன் குடும்பத்தில் யாரும் சொல்லியிராத வகை உண்மை அது. சபீனாவைப் பார்த்தார். முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

"ஓனி, எல்லார் முன்னாலயும் சொல்றேன், கேட்டுக்க. நீ வரும்போது கம்பீரமா இருக்கணும்னு காலையிலருந்து நடந்து பழகுனேன். பழகும்போது சாணியில விழுந்தேன். பொம்பளைங்க பக்கத்துல இல்ல, நானே தொவச்சேன். சுனை மரம்னு தெரியாம அதுல காயப்போட்டேன். நான் சீக்காளி இல்ல. வடிகட்டுன முட்டாள். இது வெறும் முட்டாள்தனம்."

கூட்டத்தில் ஒருவரும் நம்பவில்லை. "கேட்டீங்களா, தன்னையே தாழ்த்திக்கிறாரு" என்று டெலியா அழுதாள். ஓனி மட்டும் வண்டியிலிருந்து இறங்கி மரத்தடிக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கால்சட்டையைச் சுற்றி வந்தார்.

"பிழியல. பையி ரெண்டையும் வெளிய இழுத்து விடல. தலகீழாப் போடாம, மனுஷன் நிக்கிற மாதிரியே போட்டிருக்கு. இது பொம்பள காயப்போட்டது இல்ல" என்றார். பிறகு வின்னியைப் பார்த்தார். "முட்டாள்தனம் ரத்தத்துல வருமா?"

"பொண்ணு என்ன மாதிரி" என்றாள் வின்னி.

ஓனியின் உதடு கொஞ்சம் கோணியது. அவர் சிரித்தால் அவ்வளவுதான். "கதை நல்லாத்தான் இருக்கு பார்ட்லி. ஆனா போர்வ போத்துன குதிரைய நான் வாங்குனதில்ல. அந்தப் பாவாடையக் கொஞ்சம் தூக்கு."

"மோங்கன் ஆம்பள தூக்கிக் காட்ட மாட்டான்."

"அப்ப நான் பாக்காம எப்படி நம்புறது?"

"நான் சொன்னேன்ல? அது போதாதா?"

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். மைல்ஸ் வண்டியிலிருந்து குதித்து, யாரும் சொல்லாமலே சபீனா பக்கத்தில் போய் நின்றான். "அப்பா, நீங்க வண்டியத் திருப்பிக்கங்க. நான் நடந்து வர்றேன். எப்ப வருவேன்னு தெரியாது" என்றான்.

ஓனி மகனையும் சபீனாவையும் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் துப்பிக் கையை நீட்டினார். "சரி. கை குடு."

சந்தையானாலும் சம்பந்தமானாலும் பேச்சு முடிகிற விதம் ஒன்றுதான். இரண்டு பேரும் கையில் துப்பிக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் சேராத மூன்றாவது ஆள் ஒருவர் அந்தக் கைகளை ஓங்கி அடித்துச் சேர்க்க வேண்டும். இருவரும் 'முடிஞ்சது' என்று சொல்கிற வரை பிடி விடக் கூடாது. முன்னால் விட்டவன் பேச்சை முறித்தவன். அதற்கு மேல் கெஞ்சினாலும் மறுபேச்சு கிடையாது.

பார்ட்லி வலது கையில் துப்பினார். பாவாடையின் முழுப் பாரமும் இடது கைக்கு வந்தது.

"மூணாவது ஆளு யாரு?" என்றார் ஓனி.

"நான் சேக்குறேன்!" என்று டெலியா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தாள். புதுமை நடந்த கையைத் தொடக் கிடைத்த வாய்ப்பு. இரண்டு கைகளையும் பிடித்து, தன் வீட்டுப் பசுவை அடிக்கிற பலத்தோடு அடித்தாள். அந்த அதிர்ச்சியில் பார்ட்லியின் இடது கை விட்டுப்போனது.

பாவாடை கீழே விழுந்தது.

வின்னி "ஐயோ" என்றாள். சபீனா மைல்ஸின் கண்ணைப் பொத்தினாள். பங்கு மக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டெலியா மட்டும் விரல்களை விரித்து முகத்தை மூடிக்கொண்டாள். கம்பளிச் சட்டை நீளமாக இருந்ததால் மோங்கன் குடும்பத்து மானம் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே வரை காப்பாற்றப்பட்டது. அதற்குக் கீழே மேயோ மாவட்டத்துக் காற்று வீசியது.

குனிந்தால் எடுத்துவிடலாம். குனிந்தால் கை விடும். பார்ட்லி குனியவில்லை.

ஓனியும் கையை விடவில்லை. 'முடிஞ்சது' என்றும் சொல்லவில்லை. அவசரமில்லாமல் கீழே பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிடித்த கையை விடாமலே அரைவட்டமாகச் சுற்றிப் போய்ப் பின்பக்கமும் பார்த்தார்.

"முட்டி நேரா இருக்கு. கெண்டைக்கால்ல நல்ல சதை. கணுக்காலும் தேவலாம்" என்றார்.

"பாத்துட்டியா?" என்றார் பார்ட்லி, கண்ணை மலை உச்சியிலிருந்து எடுக்காமல்.

"பாத்துட்டேன்."

"அப்ப சொல்லு."

"முடிஞ்சது" என்றார் ஓனி கௌலி.

"முடிஞ்சது" என்றார் பார்ட்லி மோங்கன். கையை விடுவித்துக்கொண்டார். பாவாடை கணுக்காலைச் சுற்றிக் கிடக்க, முதுகு வளையாமல், சம்பந்தியையும் மருமகனையும் வண்டிப் பக்கம் கை காட்டி அழைத்தார். எங்கள் அடுப்புக்கு வந்தவர்கள் தேநீர் குடிக்காமல் திரும்பியதில்லை என்றார். அவர்கள் இரண்டு எட்டு முன்னால் போகிற வரை காத்திருந்துவிட்டுத்தான் குனிந்தார்.